மூட்டை அடுக்கத் தெரியுமாலே?

வாலே, இப்படி வந்து உக்காரு. அந்தக் கம்ப்யூட்டரைச் செத்த நேரம் மூடி வையி. மூணு வாரமா பாக்கேன். ராவும் பகலும் அதுக்குள்ள என்னத்தையோ இழுக்கே, விடுதே, மறுபடி இழுக்கே. தறி நெய்யுதவன்கூட இம்புட்டு இழுக்க மாட்டான். அவனுக்காவது பொழுது சாயும்போது ரெண்டு முழம் துணி மிஞ்சும். உனக்கு என்னலே மிஞ்சிச்சு?

செக்கெண்ணெய்க் கடைக்கு வெப்சைட் கட்டுதியாம். நல்ல காரியம். அதுக்கு ட்ரூபல்னு ஒரு சாமான் வேற. அது பொறந்த கதையை நீதான சொன்னே? பெல்ஜியத்துல ஆன்ட்வெர்ப்புன்னு ஒரு ஊரு. ட்ரீஸ் பைடார்ட்னு படிக்கிற பையன் ஒருத்தன், விடுதிக் கூட்டாளிகளோட சேதி பேசிக்கிட எழுதிப் போட்டது. அதுக்கு அவன் பாஷையில கிராமம்னு பேர் வைக்க நெனச்சு, ‘டோர்ப்’புன்னு அடிக்கப் போயி, கை தவறி ‘ட்ராப்’புன்னு அடிச்சிட்டான். கிராமம் போயி சொட்டு வந்துச்சு. பொறவு சொட்டுக்கு அவன் பாஷையில உள்ள வார்த்தையைப் பிடிச்சு, ட்ரூபல்னு 2001-ல ஊருக்கே அவுத்து விட்டுட்டான். பேரே தப்பாப் போனாலும் அவன் சாமான் வெளிய வந்துட்டு பாத்தியா? உன் சாமான் இன்னும் நடையைத் தாண்டல.

சரி, அந்த பிளாக்கு விஷயத்துக்கு வாரேன். பக்கத்தைப் பாத்தி பாத்தியா பிரிச்சு வச்சிருக்கான். மேல ஹெடர், நடுவுல கன்டென்ட், ஓரத்துல சைட்பார், அடியில ஃபூட்டர். தலைமாடு, கால்மாடுன்னு நாங்க கட்டிலுக்குச் சொல்லுவோம்லா, அதுதான். மெனு ஒரு பிளாக்கு, தேடுத பெட்டி ஒரு பிளாக்கு, லாகின் ஒரு பிளாக்கு. எது எந்தப் பாத்தியில கிடக்கணும்னு நீ சொல்லணும். ஒரே பாத்தியில நாலு கிடந்தா, ஒவ்வொண்ணுக்கும் எடை உண்டாம். எடை கூடினது கீழ முங்கும், குறைஞ்சது மேல மிதக்கும். மைனஸ்லகூட எடை போடலாமாம். அரிசி யாவாரிக்கு இது தெரிஞ்சா என்ன பாடு படுத்துவான்!

ஆனா அந்தக் கணக்கு எனக்குப் பிடிச்சிருக்கு. பார வண்டியில மூட்டை அடுக்குதவன் அதைத்தான செய்யுதான்? கனத்த மூட்டை அடியில, முதல் ஊர்ல இறக்க வேண்டியது மேல. படிக்காதவன் அவன். உனக்கு மட்டும் ஏம்லே அது வர மாட்டேங்கு?

ஏன்னு நான் சொல்லவா? நீ அடுக்குதது மூட்டை இல்ல, மரியாதை. முதலாளி படத்துக்கு மைனஸ் பத்து. அவுக அப்பா செக்கு ஆட்டின சரித்திரத்துக்கு மைனஸ் ஒம்பது. மச்சினன் கோவிச்சுக்கிட்டாம்னு அவன் வாழ்த்துச் செய்திக்கு மைனஸ் எட்டு. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற லட்சணம்லா இது! பெரியப்பன் பேரு, சித்தப்பன் பேரு, வாசுதேவநல்லூர் மாமன் பேருன்னு வரிசை கட்டி நிக்கும். முகூர்த்தம் எத்தனை மணிக்குன்னு பாக்கணும்னா கண்ணாடியைத் தொடைச்சுக்கிட்டுத் தேடணும். அதுக்கும் மேல ஒரு ஸ்லைடரு வேற. எள்ளுச் செடி வருது, போவுது, சூரியன் உதிக்கி, மறுபடி எள்ளுச் செடி. எண்ணெய் வாங்க வந்தவன் எள்ளு விதைக்கவா வந்தான்?

அவனுக்கு என்ன வேணும்? லிட்டர் என்ன விலை, கடை எப்பம் திறப்பிய, எந்த நம்பருக்குப் போன் பண்ண. மூணே விஷயம். அதை எங்க வச்சிருக்கேன்னு கேட்டா, வலது ஓரத்து சைட்பார்லயாம், அழகா இருக்காம்.

நீதான முந்தாநாள் படிச்சுக் காட்டினே? யாக்கப் நீல்சன்னு ஒருத்தர் 232 பேரை உக்கார வச்சு, பக்கம் படிக்கும்போது கண்ணு எங்க மேயுதுன்னு மிஷின் வச்சுப் பாத்து 2006-ல எழுதினாருன்னு. மேல ஒரு வரி குறுக்க ஓடுது, கொஞ்சம் இறங்கி இன்னொரு வரி, பொறவு இடது பக்கமாவே கீழ வழுக்கிருதாம். இங்கிலீஷ்ல எஃப் எழுத்து மாதிரின்னே. இதுக்கு 232 பேரா? பஸ் ஸ்டாண்டுல டைம் அட்டவணை பாக்குதவனை ஒரு நாள் பாத்தாப் போதுமே. அது கிடக்கட்டும். படிச்சுக் காட்டினது நீ. வலது ஓரத்துல நம்பரை வச்சதும் நீ.

கூத்து அதோட முடிஞ்சுதா? செல்போன்ல திறந்தா இடம் பத்தாதுன்னு அந்த சைட்பார் நடுவுல உள்ளதுக்கும் கீழ போயி விழுந்துருதாம். நம்ம ஊர்ல கம்ப்யூட்டரைத் திறந்து வச்சா எண்ணெய் வாங்குதான்? எல்லாப் பயலும் செல்போன்தான. உன் பெரிய டப்பாவுல ஓரமா மினுக்கின நம்பரு, அவன் கையில கிணத்துக்குள்ள கிடக்கு.

எங்க காலத்துல பலசரக்குக் கடையைப் பாத்திருக்கியா? வாழைத்தாரு வாசல்ல தொங்கும். வெத்தலை கை எட்டுத தூரத்துல. உப்பு மூட்டை வெளியவே கிடக்கும், ராத்திரியும் எவனும் தொட மாட்டான். முதலாளி எங்க இருப்பாரு? கல்லாவுக்குப் பின்னால, அரை இருட்டுல. யாராவது தீம் மாத்தினாவளா?

வெப்சைட்டுக்குச் சட்டை மாத்துத மாதிரி நீ மூணு தீம் மாத்தியாச்சு. ஒவ்வொரு தீமுக்கும் அடுக்கு தனியாம். புதுசுக்குப் போனதும் பழைய பாத்தி இல்ல, வச்சது வச்ச இடத்துல இல்ல. மறுபடி முதல்ல இருந்து இழு. வீட்டை மாத்தும்போதெல்லாம் அம்மியைத் தொலைக்கிற குடும்பம்.

ஒரு நாள் முழுக்க அடுக்கிட்டு சேவ் பண்ண மறந்துட்டே. கீழ ஒரு பொத்தானு இருக்காம், அதை அமுக்கினாத்தான் கணக்குல சேருமாம். இன்னொரு நாள் அமுக்கினே, ஆனாலும் வெளிய பழசுதான் தெரிஞ்சுது. என்னமோ கேஷுன்னே. காலையில வடிச்ச சோத்தையே மத்தியானமும் போடுத கதை. சரி, அது உன் தப்பு இல்ல, சட்டியைக் கழுவினதும் புதுசு வந்துட்டு. அதுக்கடுத்த நாள்தான் உச்சம். விலைப்பட்டியல் பிளாக்கை லாகின் பண்ணினவனுக்கு மட்டும் தெரியும்படி பூட்டி வச்சிட்டே. உன் கண்ணுக்குத் தெரியுது, ஊர்க்காரன் கண்ணுக்குத் தெரியல. ரெண்டு நாளா ‘நல்லா வந்திருக்கு’ன்னு தனியா ரசிச்சுக்கிட்டிருந்தியே! ஒரு தடவை வெளிய வந்து, வாடிக்கைக்காரன் மாதிரி உன் வாசல்ல நின்னு பாத்தா என்ன குறைஞ்சா போயிருவே?

சிரிக்காத. உன் பாட்டி காலையில இருந்து நல்லெண்ணெய் இல்லன்னு சத்தம் போட்டுக்கிட்டு இருக்கா. அந்தக் கடைக்கே ஒரு போன் போட்டுச் சொல்லிருவோம். எடு உன் செல்லை. உன் வெப்சைட்டையே திற. ம், எள்ளுச் செடி வந்துட்டா? சந்தோசம். தள்ளு. முதலாளி படமா? தள்ளு. அப்பா சரித்திரம். தள்ளுலே. மச்சினன் வாழ்த்து. இன்னும் கீழ. இன்னும்.

கட்டைவிரல் வலிக்கோ?

சரி, விடு. அந்தத் தூக்குச்சட்டியை எடு, நான் நடந்தே போயிட்டு வாரேன். வெயிலா இருக்கு, குடையையும் எடுத்துக் கொடு.