மதிலுக்குள்ளே ஒரு பங்காளிச் சண்டை

மட்டாஞ்சேரியில் கொச்சி ராஜாவின் அரண்மனை, அதன் வளாகத்திலேயே பழயன்னூர் பகவதி கோயில், கோயில் மதிலை ஒட்டி 1568இல் எழும்பிய பரதேசி ஜூதப்பள்ளி. பகவதியின் காதில் ஹீப்ரு பிரார்த்தனை விழுந்துகொண்டே இருந்தது. அவள் ஆட்சேபம் தெரிவித்ததாகத் தகவல் இல்லை. ராஜாவுக்கோ, கோழிக்கோட்டு மன்னன் சாமூதிரி பக்கம் சாய்ந்த இடப்பள்ளி நம்பூதிரி ராஜாவோடு மல்லுக்கட்டவே பொழுது சரியாயிருந்தது.

உண்மையான கச்சேரி ஜூதர்களுக்குள்ளேயே நடந்தது.

கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குச் செப்பேட்டில் 72 உரிமைகளை எழுதிக்கொடுத்தான். குடை, பல்லக்கு, பகல்விளக்கு எல்லாம் உண்டு. மலையாள வெயிலில் பகல்விளக்கு எதற்கு என்று கேட்கக் கூடாது, அந்தஸ்து. ஐந்நூறு வருஷம் கழித்து ஸ்பெயினிலிருந்தும் போர்ச்சுகலிலிருந்தும் துரத்தப்பட்டவர்கள் வந்திறங்கினார்கள். நேற்று வந்த பரதேசிகள், தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களைக் கருப்பு ஜூதர், அடிமை வம்சம் என்றார்கள். பெண் கொடுக்கலாமா என்று 1520 வாக்கில் கெய்ரோவிலிருந்த ரப்பி டேவிட் இப்னு சிம்ராவுக்குக் கடிதம் போனது. சடங்குப்படி ஒரு முழுக்குப் போட்டால் போதும், தாராளமாகக் கொடுக்கலாம் என்று பதில் வந்தது. கேட்டது தீர்ப்பையா? ஆமாம்சாமியைத்தானே! கடிதம் பரணுக்குப் போயிற்று.

பரதேசிகளிடமே இருந்து விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தவர்களுக்கு, 20ஆம் நூற்றாண்டிலும் பரதேசி பள்ளியில் சமமான இருக்கை கிடையாது. அந்த வம்சத்து வக்கீல் ஏ.பி. சாலேம் பள்ளிக்குள்ளேயே சத்தியாக்கிரகம் நடத்தி, ‘ஜூத காந்தி’ என்று பெயர் வாங்கினார்.

2016இல் மரபணு ஆய்வாளர்கள் வந்தார்கள். கொச்சி ஜூதர் 21 பேரின் மரபணுவை, இந்திய, பாகிஸ்தானிய, ஜூத சமூகங்கள் 72ஐச் சேர்ந்த 707 பேருடையதோடு ஒப்பிட்டார்கள். (மறுபடியும் 72! செப்பேட்டின் குசும்பு.) சாயல் பெரும்பாலும் பக்கத்து வீட்டு இந்தியர்களுடையது, கூடவே கணிசமான ஜூத ரத்தம். 13 முதல் 22 தலைமுறைக்கு முன் ஏமன், ஸ்பெயின், மத்தியக் கிழக்கு ஜூதர்களின் ரத்தமும் வந்து கலந்திருக்கிறது. நேற்று வந்தவர்கள் வந்த காலமும் ஏறக்குறைய அதுதான். கலந்ததெல்லாம் கலந்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டு சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொண்டதில், சில பரம்பரை நோய்கள்தான் மிச்சம்.

சேதி தாமதமாக வந்தது. 1950களில் கருப்பு ஜூதர்கள் கூட்டங்கூட்டமாக இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். வெள்ளை ஜூதர்கள் எனப்பட்ட பரதேசிகள் பலரும் கொஞ்சம் யோசித்துப் பின்னாலேயே போனார்கள். அங்கே இரு தரப்புக்கும் ஒரே பெயர்தான் வைத்தார்கள்: கொச்சிக்காரர்கள்.