ஞாயிற்றுக்கிழமை முதலாளி

அமெரிக்காவில் செப்டம்பர் பிறந்துவிட்டால் ஒரு தினுசு முதலாளிகளைப் பார்க்கலாம். சொந்தமாக ஒரு பெட்டிக்கடைகூட இருக்காது. வீட்டுக் கடன் தவணை பாதிகூட முடிந்திருக்காது. ஆனால் அவர் பெயரில் ஒரு ஃபுட்பால் அணி இருக்கும். ஃபுட்பால் என்றால் அவர்கள் ஊர் ஃபுட்பால். காலுக்கு வேலை குறைவு, கட்டிப் புரள்வது அதிகம்.

ஆகஸ்ட் கடைசியில் ஆபீஸ் சகாக்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, நிஜ ஆட்டக்காரர்களை முறை வைத்துப் பங்கு போட்டுக்கொள்வார்கள். அதன் பிறகு அந்த ஆட்டக்காரர் எங்கோ ஒரு மைதானத்தில் பந்தோடு பத்து கெஜம் ஓடினால் இவருக்கு ஒரு புள்ளி. எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி டச் டவுன் போட்டால் ஆறு. ட்ரீம்11 பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஃபேன்டஸி ஃபுட்பால் என்று பெயர். ஆடுகிறவரை 'ஓனர்' என்று சொல்வது அங்கே வழக்கம். நாமும் முதலாளி என்றே வைத்துக்கொள்வோம். பாவம், வேறு எங்கேயும் அவரை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

1962-இல் பில் விங்கன்பாக் என்பவர் நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் உட்கார்ந்து இதற்கு விதிமுறை எழுதினார். ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியில் அவருக்குச் சிறு பங்கு இருந்தது. அதாவது அவர் கொஞ்சம் நிஜ முதலாளி. அடுத்த ஆண்டு எட்டு அணிகளோடு ஆட்டம் தொடங்கியது. அந்தக் காலத்து வேகமே வேறு. ஞாயிறு ஆட்டம், திங்கள் பேப்பர். அதில் எறும்பு எழுத்தில் வந்த புள்ளிவிவரத்தை 'கமிஷனர்' என்ற பட்டம் சுமந்த ஒருவர் பென்சிலால் கூட்டிக் கழித்து முடிவு சொல்வார். அதுவரை எல்லா முதலாளிகளும் தாங்கள்தான் ஜெயித்திருப்போம் என்று நிம்மதியாகத் தூங்கினார்கள்.

1997-இல் சிபிஎஸ் இந்த ஆட்டத்தை இணையத்துக்குக் கொண்டுவந்தது. 1999-இல் யாஹூ காசு வாங்காமலே ஆட விட்டது. கணக்குப் போடும் வேலை கம்ப்யூட்டருக்குப் போயிற்று. கூடவே முதலாளியின் தூக்கமும் போயிற்று.

இப்போது அவருடைய வாரம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் அணிகள் காயப் பட்டியல் வெளியிடும். முதலாளி பள்ளிக்கூடத்தில் உயிரியலில் தேறியதே பெரும்பாடு. இன்றைக்கு தொடையின் பின்தசை எத்தனை வாரத்தில் ஆறும், கணுக்கால் சுளுக்கில் மேல் சுளுக்குக்கும் கீழ் சுளுக்குக்கும் என்ன வித்தியாசம் என்று டாக்டருக்கே பாடம் எடுப்பார். சொந்த மகன் சைக்கிளிலிருந்து விழுந்தால் 'ஐஸ் வை' என்பதோடு சரி.

ஞாயிறு பகல் ஒரு மணிக்கு முதல் ஆட்டங்கள். தொண்ணூறு நிமிஷம் முன்னால் யார் யார் இறங்கவில்லை என்ற பட்டியல் வரும். பதினொன்றரை மணி என்பது ஆண்டவருக்கு ஒதுக்கிய நேரம். முதலாளியும் சர்ச்சில்தான் இருப்பார். பாட்டுப் புத்தகமும் கையில் இருக்கும். புத்தகத்துக்குள் போன் இருக்கும். சபையே கண்மூடி ஜெபிக்கும்போது அவர் ஒரு கண்ணை மட்டும் மூடியிருப்பார். திடீரென்று 'ஐயோ கடவுளே' என்று அவர் வாயிலிருந்து வருவதைப் பக்கத்து இருக்கைப் பாட்டி பக்தி என்று எடுத்துக்கொள்வாள்.

அந்தக் காலத்தில் வெளியூர் பேப்பரையும் வரவழைத்துப் படிப்பவன் கொஞ்சம் முந்திக்கொள்ளலாம். இப்போது பஃபலோ மைதானத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதுவரை எல்லோருக்கும் ஒரே நிமிஷத்தில் தெரியும். பன்னிரண்டு பேரும் காரில் கேட்பது ஒரே பாட்காஸ்ட். பன்னிரண்டு பேரும் அதில் சொன்ன ஆட்டக்காரரையே தேடிப் போவார்கள். கிடைத்தவர் தன் மதிநுட்பம் என்பார். கிடைக்காதவர் 'என் ஐடியாவைத் திருடிவிட்டான்' என்பார். இணையம் எல்லோரையும் அறிவாளி ஆக்கியதில் ஜெயிப்பது பழையபடி அதிர்ஷ்டத்தின் கைக்கே போய்விட்டது. இதை முதலாளியிடம் சொல்லிவிடாதீர்கள், வருத்தப்படுவார்.

நம் முதலாளி ஓஹையோ மாநிலத்துக் கிளீவ்லண்டுக்காரர். தாத்தா காலத்திலிருந்து குடும்பமே பிரவுன்ஸ் அணிக்கு அடிமை. பரம வைரி பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ். விதி பாருங்கள், இவருடைய கற்பனை அணியின் முக்கிய ஓட்டக்காரர் அந்த ஸ்டீலர்ஸில் இருக்கிறார். இரண்டு அணியும் மோதும் நாளில், வைரியின் ஆள் நன்றாக ஓட வேண்டும், ஆனால் பிரவுன்ஸ் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வார். அந்த ஆள் டச் டவுன் போட்டதும் துள்ளி எழுந்து கைதட்டிவிட்டு, ஹாலில் மாட்டியிருக்கும் தாத்தா படத்தைப் பார்க்காமல் உட்காருவார்.

"யார் ஜெயிச்சது?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்பார்.

"மேட்சைக் கேக்கறியா, என்னைக் கேக்கறியா?"

ஆட்டக்காரர்களுக்கும் இவர்கள் தொல்லை தெரியும். 2009 நவம்பரில் ஜாக்சன்வில் அணியின் மாரிஸ் ஜோன்ஸ்-ட்ரூ எல்லைக்கோட்டுக்கு ஒரு கெஜம் முன்னால், தடுக்க ஆள் இல்லாத நிலையில், வேண்டுமென்றே மண்டியிட்டார். நேரத்தைக் கரைத்துவிட்டுக் கடைசி நொடியில் உதைத்து ஜெயிப்பது திட்டம், அப்படியே ஜெயித்தார்கள். ஆட்டம் முடிந்ததும் தன்னை ஃபேன்டஸி அணியில் வைத்திருப்பவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். தன் சொந்த ஃபேன்டஸி அணியிலும் அவரே இருந்தார் என்பது கூடுதல் சோகம். 2011-இல் தொடைத் தசை பிடித்துக்கொண்ட ஏரியன் ஃபாஸ்டர் அவ்வளவு இளகிய மனம் படைத்தவரல்ல. தன் காலைவிட ஃபேன்டஸி அணியைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்குப் புத்தி பேதலித்திருக்கிறது என்று ட்விட்டரிலேயே போட்டார். நான் ஃபாஸ்டர் கட்சி.

முதலாளியை உண்மையில் கொல்வது தசமப் புள்ளி. பென்சில் காலத்தில் முழு எண்தான். இப்போது ஒவ்வொரு கெஜத்துக்கும் பின்னக் கணக்கு உண்டு. திங்கள் இரவு, கடைசி ஆட்டம், கடைசி நிமிஷம். முதலாளி 0.06 புள்ளி முன்னால். அவருக்காகப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் அணி ஏற்கெனவே ஜெயித்தாகிவிட்டது. நேரத்தைக் கழிப்பதற்காக அந்த ஆள் பந்தை வாங்கி நாகரிகமாக மண்டியிடுகிறார். கணக்குப்படி அது ஒரு கெஜம் பின்னோட்டம், 0.1 புள்ளி கழிவு. மைதானத்தில் எழுபதாயிரம் பேர் எழுந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஓஹையோவில் ஒருவர் மட்டும் சோபா மெத்தையைக் கடித்துக்கொண்டிருக்கிறார். போன் ஒலிக்கிறது: 'ஒரு மண்டியில் கவிழ்ந்தாயா?' ஆபீஸ் குழுவில் முதல் செய்தி. விடிவதற்குள் இன்னும் அறுபது வரும்.

லீக் அட்டவணையில் கடைசியாக வருபவருக்குத் தண்டனையும் உண்டு. பிரபலமானது, வாஃபிள் ஹவுஸ் உணவகத்தில் இருபத்து நாலு மணி நேரம் குந்தியிருப்பது. ஒரு வாஃபிள் தின்றால் ஒரு மணி நேரம் தள்ளுபடி. அதையும் போனில் நேரலையாகக் காட்டுவது இணையம் சேர்த்த புண்ணியம்.

அமெரிக்காவில் பிள்ளையோ மருமகனோ இருக்கிற நேயர்களுக்கு ஒரு வார்த்தை. ஆபீஸ் தோழர்கள் இழுத்து அவர்களில் பல பேரும் முதலாளி ஆகியிருக்கிறார்கள். அங்கே ஞாயிறு முதல் ஆட்டம் தொடங்கும்போது நமக்கு இரவு பத்தரை மணியாவது ஆகியிருக்கும். கடைசி ஆட்டம் முடியும்போது செவ்வாய் காலை. இந்த இடைவெளியில் போன் போட்டு, 'ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு, வேலைக்கு ஏதாவது ஆபத்தா?' என்று பதற வேண்டாம். செவ்வாய் ராத்திரி கூப்பிடுங்கள். அதுவும் பிள்ளை ஜெயித்திருந்தால்.