மருமகனின் மாயச் சுங்கான்

வாங்க மருமகனே! ஹாலந்துல இருந்து வந்து பொட்டியக்கூடத் திறக்கலையாம், அதுக்குள்ள வாயில சுங்கானை வெச்சுக்கிட்டு தெருப்பக்கம் பாத்து உக்காந்துட்டீகளாமே. உங்க அத்தைதான் சொன்னா. தெருவுல போறவன் அதைச் சுங்கான்னு நெனைப்பான்னா கனாக் காணுறீக? சிலும்பின்னுதான் நெனைப்பான். நாலு வருஷப் படிப்பு, வெளிநாட்டு உத்தியோகம், கடைசியில பையன் சாமியாராகித் திரும்பிட்டான்னு டீக்கடையில இந்நேரம் பேச்சு முடிஞ்சிருக்கும்.

சரி, இங்க குடு, பாப்போம். வெள்ளைப் பீங்கான், விளிம்புல நீலக்கோடு, வாய் வைக்கிற பக்கம் கருப்பா எபோனைட். கௌடாவுல வாங்கினியா? கிண்ணத்துல படத்தையே காணோமே. ஓ, அந்தச் சாதிக் குழாயா! கடைக்காரன் சொல்லியிருப்பானே, குடிக்கக் குடிக்க உள்ள மறைஞ்சிருக்கிற படம் தானா வெளிய எழும்பும்னு. சொன்னது நெசந்தான். அந்த ஊர்ல கூடவாகன் கம்பெனிக்காரங்க போன நூற்றாண்டுல இப்படிச் செஞ்சு வித்திருக்காக. புகையோட சாறு மண்ணுல ஊறி ஊறி, வெள்ளைக் கிண்ணம் பழுப்பேறி, ஒரு முகமோ கப்பலோ தெரிய ஆரம்பிக்கும். ஒருத்தனை விடாமக் குடிக்க வைக்க இதைவிட யோசனை வேணுமா? நீயும் படம் பாக்கிற அவசரத்துலதான் காலையில இருந்து ஊதிக்கிட்டிருக்க. ஊது, ஊது. மண்ணுல ஊறுற அதே சாறு உன் நெஞ்சுலயும் ஊறிக்கிட்டுத்தான் இருக்கும். அங்கயும் ஒரு படம் எழும்பும். அதைக் காட்டுறவன் எக்ஸ்ரேக்காரன்.

மொகத்தைத் தூக்காதே. மாமன் கேலி பண்ணாம வேற எவன் பண்ணுவான்?

ஹாலந்துல மக வீட்டுக்குப் போயிருந்தப்ப எனக்கும் கௌடாவைக் காட்டினா. மத்தவுகள்லாம் பாலாடைக்கட்டிக் கடையில வரிசையில நிக்க, நான் மியூசியத்துல குழாய் பாத்துக்கிட்டு நின்னேன். இந்தத் தொழிலை அங்க கொண்டுபோனவன் இங்கிலீஷ்காரன். 1617-லயே ஒருத்தன் அங்க குழாய் செஞ்சிருக்கான். 1660-ல தொழில்காரங்க சங்கமே வெச்சுட்டாக. செய்முறையைக் கேளு. சுட்டா வெள்ளையாகிற களிமண்ணைத் திரிமாதிரி உருட்டி, அந்த ஒல்லி மண்ணுக்குள்ள நீளக் கம்பியை நுனிவரைக்கும் விடணும். கம்பி மயிரிழை விலகிச்சோ, பக்கவாட்டுல பொத்துக்கிட்டு வந்துரும். அப்புறம் ரெண்டு பாதி உலோக அச்சுக்குள்ள வெச்சு இறுக்கி, கிண்ணத்தைக் குடைஞ்சு, காஞ்சதும் வழவழப்புக் கல்லால தேச்சு மெருகேத்தி, சூளைக்கு அனுப்பணும். கிண்ணத்துக்கு அடியில குதிகால் மாதிரி ஒரு முட்டு இருக்கும். செஞ்சவனோட முத்திரை அதுல.

இவ்வளவு பாடுபட்டுச் செஞ்சதை, சத்திரத்துல எவனாவது நாலு இழுப்பு இழுத்துட்டுக் கைதவறிப் போட்டுட்டுப் போயிருவான். அதனாலதான் அந்தப் பக்கம் எங்க தோண்டினாலும் குழாய்த் துண்டு கிடைக்குது. அந்தத் துண்டை வெச்சுப் பொழைச்சவுகளும் உண்டு. ஹாரிங்டன்னு ஒரு அமெரிக்கத் தொல்லியல்காரர் இங்கிலீஷ் குழாய்த் துண்டுகளோட ஓட்டையை அளந்து, வருஷம் ஆக ஆக ஓட்டை சிறுத்துக்கிட்டே வந்திருக்குன்னு 1954-ல எழுதினார். அங்குலத்தை 64 பங்காக்கினா அதுல 9 பங்கு இருந்த ஓட்டை, ஏறக்குறைய ரெண்டு நூற்றாண்டுல 4 பங்காச் சுருங்கியிருக்கு. கிண்ணம் மட்டும் பெருத்துக்கிட்டே போச்சு. புகையிலை தங்கம் விலை வித்தப்ப விரல்நுனி அளவுக் கிண்ணம். விலை இறங்க இறங்க ஆசையும் கிண்ணமும் சேந்து வீங்கிருச்சு.

இனி உன் குழாய்க்கு வருவோம். பேணத் தெரியாட்டி ஏன் வாங்கினேன்னு கேப்பேன், அதனால கவனிச்சுக்கோ. இது ரெட்டைச் சுவர் கிண்ணம். இடையில காத்து இருக்கிறதால கை சுடாது. ஒத்தைச் சுவர்க் குழாய்னா கிண்ணத்தைத் தொட்ட விரலை அப்புறம் வாயில வெச்சு ஊதிக்கிட்டே திரியணும். உள்சுவர் மெருகில்லாத மண்ணு, ஈரம் குடிக்கும். ஒரு தடவை குடிச்சா நல்லா ஆறி, உலந்து, மறுநாளும் சும்மா கிடக்கணும். விட்டுவிட்டு மெல்ல இழு. அவசரமா இழுத்தா நாக்கு கொப்பளிக்கும், கிண்ணமும் விரியும். சூடா இருக்கும்போது கழுவிராதே. எரியிற அரிக்கேன் சிம்னியில மழைத்துளி பட்ட கதையாயிரும். சாம்பலைத் தட்டுறேன்னு திண்ணைக் கல்லுல அடிக்காதே, குச்சியால கிளறிக் கொட்டு. எபோனைட்டை ஆறினதுக்கப்புறம் திருகிக் கழட்டு, கம்பித்திரி விட்டுத் துடை. கந்தகம் போட்டு இறுக்கின ரப்பர்தான் அது. வெயில்ல வெச்சா கருப்பு போய்ப் பச்சை பாஞ்சு, வாயில வைக்கவே குமட்டும்.

அப்புறம் முக்கியமா ஒண்ணு. பூச்சில்லாத வெறும் மண்குழாய் அழுக்கேறினா, அந்தக் காலத்துல இரும்புக் கூட்டுல அடுக்கி நெருப்புல வெச்சிருவாக. கறை பூரா எரிஞ்சு வெள்ளையாத் திரும்பும். இதைக் கேட்டுட்டு உன் குழாயைக் கொண்டுபோய் அத்தை அடுப்புல சொருகிராதே. ரப்பர் கருகி, நீலக்கோடு வெடிச்சு, குழம்பும் கெட்டுச்சுன்னா உனக்கு ராத்திரிச் சோறு கிடையாது. அத்தையோட வெத்திலைப் போயிலையைக் கிள்ளி அடைக்கிற யோசனையும் வேண்டாம். ஒரு இழுப்புல தலை சுத்தி விழுவ.

என்ன, விரல்விட்டு எண்ணுறியா? நிரப்ப, ஆற, துடைக்க, உலத்த, மறுநாள் ஓய்வு குடுக்க. குடிக்க நேரம் எங்க மாமான்னு கேக்குற. அதை நீதான் சொல்லணும், நான் பராமரிப்பு மட்டுந்தான சொன்னேன்.

ஹாலந்துக்காரன் அந்தக் காலத்துல இதுக்கு நல்ல வழி வெச்சிருந்தான். கல்யாண மாப்பிள்ளைக்குன்னு நீளமா ஒரு மண்குழாய், சுத்திலும் பூவும் ரிப்பனும் சுத்தி அலங்காரம் பண்ணிக் குடுப்பாக. கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளை அதுல புகை விடுவான். மறுநாள் அது பெட்டிக்குள்ள போயிரும். அப்புறம் கல்யாண நாள் வந்தாத்தான் வெளிய வரும். வருஷத்துக்கு ஒரு தடவை புகை, மத்த நாளெல்லாம் பாதுகாப்பு. எனக்குப் பிடிச்ச கணக்கு இதுதான். ஆனா அதுக்கு மொதல்ல கல்யாணம் ஆகணுமே மருமகனே. உங்கம்மா ஜாதகத்தைத் தூக்கிக்கிட்டு அலையுறா, நீ மண்குழாயைக் கவ்விக்கிட்டு உக்காந்திருக்க. அந்தக் காலத்துல இதையே ஓயாமக் கவ்வினவன் பல்லு வட்டமாத் தேஞ்சு போயிருக்கு. பழைய எலும்புக்கூட்டுல அந்தப் பொந்தைப் பாத்தே இவன் குழாய்க்காரன்னு சொல்லிருதாக. பொண்ணு வீட்டுல நீ சிரிக்கணும்ல?

அந்த ஊர்ப் புள்ளைக மண்குழாயை சவுக்காரத் தண்ணியில முக்கிக் குமிழி விட்டிருக்கு. பழைய டச்சுப் படங்கள்லயே அது இருக்கு. இங்கிலீஷ்காரர் மில்லே 1886-ல அப்படி ஒரு பையனை வரைய, அந்தப் படத்தை பியர்ஸ் சோப்புக்காரன் வாங்கி விளம்பரமாக்கிட்டான். அடுத்த தடவை வர்றப்போ பூச்சில்லாத புதுக் குழாய் ரெண்டு மூணு வாங்கிட்டு வா, பேரப்புள்ளைகளுக்கு ஆகும். இதை மட்டும் அதுக கையில குடுத்துராதே, போயிலை ஊறினது. அந்தக் கண்ணாடி அலமாரியில, தட்டுக்குப் பின்னாடி, நல்லா உள்ள தள்ளி வை. சாவியை இங்க குடு.