பால் ஊற்றுகிறவர்களும் பாஸ்வேர்ட் கேட்கிறவர்களும்

சென்னையிலிருந்து தயாரிப்பாளர்மார் பண்டிகைக்குப் பண்டிகை செய்யும் உபதேசம் ஒன்று உண்டு: படத்தைத் தியேட்டரில் வந்து பாருங்கள், சினிமாவை வாழ வையுங்கள். யாழ்ப்பாணத் தீவகத்து நாரந்தனைக்காரனுக்கும் அது கேட்கிறது. சரி, வாழ வைப்போம். யாழ்ப்பாணத்தில் இரவுக் காட்சி முடிந்து வெளியே வந்தால் தீவுப் பக்கம் பஸ் கிடையாது. பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, வேலணை, சரவணை என்று இருட்டில் வர ஓட்டோக்காரர் கேட்கும் காசுக்கு ஒரு மாதம் போனுக்கு டேட்டா போடலாம்.

வீட்டில் இருந்து படம் பார்ப்பது நேற்று வந்த கேடு என்று அழுகிறார்கள். எங்களுக்கு அது எண்பதுகளிலேயே வந்துவிட்டது. டெக்கும் டீவியும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, விடிய விடிய மூன்று படம். 1990இல் மின்சாரம் போனது; தீவை விட்டுச் சனமும் போனது. இடம்பெயர்ந்த இடத்தில், மண்ணெண்ணெய்க்குத் தடை இருந்த காலத்தில், ஜெனரேட்டரை இழுத்து இழுத்து ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தோம். வில்லன் அடி வாங்கத் தொடங்கும்போது சரியாக எண்ணெய் முடியும். “இனி நாளைக்குத்தான், எழும்புங்கோ பிள்ளையள்.” அந்தக் காலத்தில் எங்கள் திரை அனுபவத்துக்காக எந்தச் சங்கமும் கண்ணீர் விடவில்லை.

தியேட்டரின் புனிதத்தையும் பார்த்தவர்கள் நாங்கள். யாழ்ப்பாணத்து ஸ்ரீதர் தியேட்டர் பல வருடங்கள் ஈ.பி.டி.பி. கட்சியின் அலுவலகமாக இருந்தது. இவ்வளவு காலம் ஒரே படம் ஓடிய தியேட்டர் தமிழ்நாட்டில் உண்டா?

சென்னைக்காரரின் கொள்கையையும் பாருங்கள். 2013இல் கமல் ‘விஸ்வரூபம்’ படத்தை டி.டி.எச்.சில் விடப் போனபோது தியேட்டர்காரர் கொதித்தார்கள். 2020இல் ‘பொன்மகள் வந்தாள்’ நேரே அமேசானுக்குப் போனதும், சூர்யா தயாரிக்கும் படங்களைத் திரையிட மாட்டோம் என்றார்கள். கொதிப்பு எவ்வளவு காலம்? ‘கூலி’ 2025 ஓகஸ்ட் 14 தியேட்டரில். செப்ரெம்பர் 11 அமேசானில். புனிதத்தின் ஆயுள் நாலு கிழமை! அது முடிய டொரன்டோவில் இருக்கும் சித்தப்பாவின் பாஸ்வேர்டில் நாரந்தனை முழுக்கப் படம் பார்க்கும். பனியில் வேலைக்குப் போய்ச் சந்தா கட்டுகிற அந்த மனிசனுக்குத்தான் படம் பார்க்க நேரமில்லை.

இதற்குள் கட்அவுட்டுக்குப் பால் வேறு. 2022இல் பால்மாவுக்கு வரிசையில் நின்ற நாடு இது. பிள்ளைக்கு இல்லாத பால், கடல் கடந்த கதாநாயகனின் மட்டைத் தலையில் வழிகிறது. வெட்கம் கெட்டவர்களே, உங்கள் கடலைப் பற்றிய படத்தை எப்போது பார்த்தீர்கள்? செங்கை ஆழியான் நெடுந்தீவை வைத்து எழுதிய ‘வாடைக்காற்று’ 1978இல் படமாக வந்தது. 1983 ஜூலைக் கலவரத்தில் தமிழ்த் தயாரிப்பாளர் குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோவைக் காடையர் எரித்தார்கள். எரித்தவனுக்கு நம்முடைய சினிமா எங்கே இருந்தது என்று தெரிந்திருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை. மிஞ்சிய ஈழத்துப் படங்களுக்கு ஒரு காட்சி கேட்டு எந்த ரசிகர் மன்றம் கொடி பிடித்தது?

யாழ்ப்பாணத்துத் தியேட்டர் முதலாளிமாரே, ‘வாடைக்காற்று’ பிரதியைத் தேடி எடுத்து ஒரேயொரு மத்தியானக் காட்சி போடுங்கள். டிக்கெட் காசு தருகிறோம். பால் வேண்டாம்.