லினக்ஸ் தம்பி அப்கிரேடு போட்டுவிட்டார்

சனிக்கிழமை சாயங்காலம், பள்ளிக்கூட ஆபீஸில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, லினக்ஸ் தம்பி அப்கிரேடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார். திங்கட்கிழமை காலை பிரின்டர் அசையவில்லை. மூன்றாம் வகுப்புக் கணக்கு முதல் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் வரை காலாண்டுத் தேர்வு வினாத்தாள்கள் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. சனிக்கிழமை நடந்ததற்கும் திங்கட்கிழமை நடக்காததற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று போனில் கேட்டால் தம்பி கொஞ்சமும் தடுமாற மாட்டார். "பிரின்டர் நல்லாத்தான் இருக்கு. பர்மிஷன்தான் இல்ல" என்பார்.

தம்பிக்கு நாற்பது தாண்டி, காதோரம் நரைத்தும் விட்டது. ஆனாலும் ஊருக்கே தம்பிதான். காரணம், காசு வாங்குவதில்லை. வாங்கியிருந்தால் இந்நேரம் சார் ஆகியிருப்பார். பெங்குவின் படம் போட்ட டீ-ஷர்ட், மூடி முழுக்க ஸ்டிக்கர் ஒட்டிய லேப்டாப், "இன்னும் விண்டோஸா வச்சிருக்கீங்க?" என்று துக்கம் விசாரிக்கிற குரல். இவையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடலாம். அவருடைய முழுத் திறமையும் வெளிப்படுவது போனில்.

நேரில் வந்தால் பத்தே நிமிடத்தில் முடிகிற வேலை. ஆனால் போனிலேயே முடித்துவிடலாம் என்பதில் அவருக்கு அசையாத நம்பிக்கை. எதிர்முனையில் இருப்பவர் ஆபீஸ் அக்கா. இருபது வருடமாக டிசி, போனஃபைடு, ஃபீஸ் ரசீது எல்லாம் அவர் கையால்தான். கம்ப்யூட்டருக்குப் பயந்தவரும் இல்லை.

"அக்கா, டெர்மினல் திறங்க. கத்திரிப்பூக் கலர்ல ஒன்னு வருதா?"

"வருது தம்பி."

"நான் சொல்றத அப்படியே அடிங்க. எஸ், யு, டி, ஓ. அப்புறம் ஸ்பேஸ்."

"எவ்வளவு ஸ்பேஸ்?"

"ஒன்னு போதும்க்கா. அடுத்து யூசர்மாட், சேர்த்து அடிங்க. திரும்ப ஸ்பேஸ். ஹைஃபன், சின்ன ஏ, பெரிய ஜி. ஸ்பேஸ். எல்பிஅட்மின்."

"முதல்ல இருக்கிறது எல் எழுத்தா, ஒன்னாம் நம்பரா?"

"எல்லுக்கா. சின்ன எல்."

"இங்க ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது. சரி, சொல்லுங்க."

"ஸ்பேஸ் விட்டு ஆபீஸ்னு அடிச்சு என்டர் தட்டுங்க. பாஸ்வேர்டு கேக்கும்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அக்கா மெதுவாக, "தம்பி, கீபோர்டு போயிருச்சு" என்றார்.

"போகலக்கா. பாஸ்வேர்டு அடிக்கும்போது எழுத்து தெரியாது."

"புள்ளிகூட வரலையே?"

"அதுவும் வராது. பின்னாடி நிக்கிறவங்க எத்தன எழுத்துன்னு எண்ணிடக் கூடாதுல்ல?"

அக்காவுக்குப் பின்னால் நின்றது சுவரும் ஒரு பீரோவும் மட்டுமே. இருந்தாலும் மூன்றாம் தடவை சரியாக அடித்துவிட்டார். "ஒன்னும் வரல தம்பி" என்றார். "ஒன்னும் வரலன்னா நல்லபடியா முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம்" என்றார் தம்பி, மனநிறைவோடு. யூனிக்ஸ் உலகத்துக் கட்டளைகளில் பெரும்பாலானவை அப்படித்தான். சரியாக நடந்தால் வாயைத் திறக்காது, தப்பாகப் போனால்தான் பேசும்.

ஆனால் ஒன்று நடந்திருந்தது. அக்கா அந்த வரியை அடித்துக்கொண்டிருந்தபோது முதல் பீரியடுக்கு மணி அடித்தது. அந்தச் சத்தத்தில் 'சின்ன ஏ' விழவில்லை. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். லினக்ஸில் ஒவ்வொரு பயனரும் சில குழுக்களில் உறுப்பினர். எல்பிஅட்மின் குழுவில் இருப்பவருக்குத்தான், முடங்கி நிற்கும் பிரின்டரை மறுபடி கிளப்பிவிட உரிமை. சூடோ குழுவில் இருப்பவருக்குக் கம்ப்யூட்டரில் எதையும் செய்ய உரிமை. 'சின்ன ஏ' இருந்தால் பழைய குழுக்களோடு புதியதும் சேரும். 'பெரிய ஜி' மட்டும் தனியாக நின்றால், முதன்மைக் குழுவையும் சொன்ன குழுவையும் தவிர மற்ற எல்லாவற்றிலிருந்தும் பெயரை நீக்கிவிடும். அக்கா எல்பிஅட்மினில் சேர்ந்துவிட்டார், சூடோவிலிருந்து வெளியேறிவிட்டார். இதையும் அந்தக் கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் நல்லபடியாகவே முடித்துக்கொடுத்தது.

"இப்ப ஒரு தடவை வெளிய போயிட்டு உள்ள வாங்கக்கா" என்றார் தம்பி. குழு மாற்றம் லாக் அவுட் செய்துவிட்டு மறுபடி லாகின் செய்தால்தான் செல்லுபடியாகும். அக்கா போனை மேஜைமேல் வைத்தார், எழுந்து வராந்தா வரை போனார், திரும்பி வந்து உட்கார்ந்தார். "வந்துட்டேன் தம்பி."

விளக்கி, உண்மையாகவே லாக் அவுட் செய்ய வைத்து, அடுத்த கட்டளையைச் சொன்னபோதுதான் கம்ப்யூட்டர் முதல் தடவையாகப் பேசியது. 'ஆபீஸ்' என்பவர் சூடோ உரிமை பெற்றோர் பட்டியலில் இல்லை, இந்தச் சம்பவம் புகார் செய்யப்படும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அக்கா வெலவெலத்துப் போய், "யார்கிட்ட தம்பி சொல்லும்? கரஸ்பாண்டென்ட் கிட்டயா?" என்று கேட்டார். அந்தப் புகார் போவது அந்தக் கம்ப்யூட்டரின் நிர்வாகிக்கு. அந்த நிர்வாகி தம்பிதான். அவர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

இனி வேறு வழியில்லை. டிவிஎஸ் எக்ஸெல்லை எடுத்துக்கொண்டு அவரே வந்தாக வேண்டும். ரெகவரி மோடில் திறந்து, போன பெயரைத் திரும்பச் சேர்ப்பது அவருக்குச் சில நிமிட வேலை. ஆனால் கம்ப்யூட்டர் ரீபூட் ஆகிற இடைவெளியை அவர் வீணாக்க மாட்டார். சரித்திரம் ஆரம்பமாகும்.

1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி செயற்கை நுண்ணறிவுக் கூடத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் பிரின்டரைக் கொடுத்தது. அங்கே வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன், பேப்பர் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குச் சேதி போகும்படி பழைய பிரின்டரின் மென்பொருளைத் திருத்தி வைத்திருந்தார். புதியதிலும் அதையே செய்யப் பார்த்தார். அதன் சோர்ஸ் கோடு வேறொரு பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் இருந்தது. நேரில் போய்க் கேட்டும் அவர் தர மறுத்துவிட்டார், வெளியே தருவதில்லை என்று ஒப்பந்தமாம். அந்தக் கோபமும் சேர்ந்துதான் 1983-ல் குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டமாக அறிவிக்கப்பட்டது. "பாருங்க, கட்டற்ற மென்பொருளே ஒரு பிரின்டர் பிரச்சினையிலதான் பொறந்துச்சு" என்று முடிப்பார். நாற்பது வருடம் கழித்தும் அதே பிரச்சினையில்தான் நிற்கிறதா என்று கேட்கக் கரஸ்பாண்டென்டுக்கு நாக்கு துடிக்கும். கேட்டால் அடுத்த சரித்திரம் தொடங்கிவிடும் என்பதால் கேட்பதில்லை. அதுவும் கையிருப்பில் உண்டு. 1999-ல் கப்ஸ் என்ற அச்சு மென்பொருளை வெளியிட்ட மைக்கேல் ஸ்வீட்டை 2007-ல் ஆப்பிள் வேலைக்கு எடுத்து கப்ஸையும் வாங்கிய கதை.

வேடிக்கை என்னவென்றால், ஆபீஸில் இருப்பது ஹெச்பி லேசர்ஜெட் 1020. தமிழ்நாட்டுக் கடைகளிலும் ஆபீஸ்களிலும் மூலைக்கு ஒன்றாகப் பார்த்த அதே சின்னப் பெட்டி. அதற்குள் நிரந்தர ஃபர்ம்வேர் கிடையாது. ஒவ்வொரு தடவை சுவிட்ச் போடும்போதும் கம்ப்யூட்டர்தான் அதை ஏற்றிவிட வேண்டும். லினக்ஸில் அதற்கு ஒரு வழி, ஹெச்பி பிரின்டர்களுக்கான ஹெச்பிலிப் மென்பொருளோடு சேர்த்து நிறுவ வேண்டிய மூடிய பிளக்-இன். ஹெச்பிலிப்பின் பதிப்பு எண்ணும் பிளக்-இன்னின் பதிப்பு எண்ணும் பொருந்த வேண்டும். அப்கிரேடில் முதலாவது ஏறிவிட்டது, இரண்டாவது பழையதாகவே நின்றுவிட்டது. ஸ்டால்மன் கதையை முடித்த கையோடு தம்பி அந்த மூடிய பிளக்-இன்னை இறக்கி, உரிம ஒப்பந்தத்துக்கு ஒய் அடித்து ஒப்புக்கொண்டார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்காமல் இருப்பது மரியாதை.

ஒய் அடிப்பதில் அவருக்குத் தயக்கமே கிடையாது. பர்மிஷன் போனதும் அப்படித்தான். அப்கிரேடு நடுவில், கையால் திருத்தப்பட்ட அமைப்புக் கோப்பு ஏதாவது தென்பட்டால், உங்களுடையதையே வைத்துக்கொள்ளட்டுமா, புதியதைப் போடட்டுமா என்று அந்தக் கம்ப்யூட்டரில் ஓடும் லினக்ஸ் வகையான உபுண்டு கேட்கும். சும்மா என்டர் தட்டினால் பழையது அப்படியே இருக்கும். தம்பி மெனக்கெட்டு ஒய் அடித்திருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தக் கோப்பில் ஆபீஸ் குழுவுக்குப் பிரின்டர் உரிமை கொடுத்து எழுதியது யார்? அவரேதான். மறந்துவிட்டார்.

அவருக்குப் போன் போடுவதற்கு முன்பே பிளஸ் டூ மாணவன் ஒருவன் உதவிக்கு வந்து, இணையத்தில் எங்கோ படித்ததை வைத்து, கப்ஸின் ஃபில்டர் கோப்புகளுக்கு அனுமதியை மாற்றும் சிஹெச்மாட் கட்டளையால் 777 போட்டிருந்தான். படிக்க 4, எழுத 2, இயக்க 1, மொத்தம் 7. உரிமையாளருக்கு ஒரு 7, குழுவுக்கு ஒரு 7, ஊரில் உள்ள மற்றவர்களுக்கு ஒரு 7. எல்லோருக்கும் எல்லா அனுமதியும் கொடுத்தால் பிரின்டர் ஓடித்தானே ஆக வேண்டும் என்பது பையனின் கணக்கு. ஓடாது. யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய ஃபில்டரை கப்ஸ் பாதுகாப்பற்றது என்று சொல்லி இயக்க மறுத்துவிடும். தம்பி பையனைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து 755-ன் அருமையை மதியச் சாப்பாட்டு மணி அடிக்கிற வரை விளக்கினார். வினாத்தாள்கள் வரிசையிலேயே நின்றன.

செவ்வாய்க்கிழமை மட்டும் அச்சிடாத பிரின்டர் கதையையும் அன்றே சொன்னார். கட்டுக்கதை அல்ல, உபுண்டுவில் பதிவான உண்மையான கோளாறு அது. ஓப்பன் ஆபீஸ் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் பிரின்ட் எடுப்பதில்லை என்று தன் மனைவி புகார் செய்வதாக ஒருவர் எழுதினார். தேடிப் பார்த்ததில், கோப்பின் வகையைக் கண்டுபிடிக்கும் நிரல் ஒன்று, தேதி வரியில் செவ்வாய்க்கிழமையின் ஆங்கிலச் சுருக்கத்தைப் பார்த்ததும் அதை எர்லாங் என்ற நிரல் மொழிக் கோப்பு என்று தப்பாக எடுத்துக்கொண்டது தெரியவந்தது. செவ்வாயோ வெறுவாயோ என்று எதையும் தள்ளிப்போடுகிற அக்கா இதை மட்டும் ஆச்சரியமில்லாமல் கேட்டுக்கொண்டார்.

இங்கே ஒன்றைச் சிரிக்காமல் சொல்ல வேண்டும். ஆபீஸில் ஓடிக்கொண்டிருந்தது உபுண்டு 20.04. நீண்டகால ஆதரவுப் பதிப்பு. 2020 ஏப்ரலில் வந்தது, ஐந்து வருடத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு என்று இருந்தது. 2022-ல் அதை 22.04-க்குத் தூக்க எந்த அவசரமும் இல்லை. புதியது வந்திருக்கிறது என்று திரையில் ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது, தம்பி தட்டிவிட்டார், அவ்வளவுதான். யார் எந்தக் கோப்பைத் தொடலாம், யார் கூடாது என்று மணிக்கணக்கில் பாடம் எடுக்கிறவர், தேர்வுக்கு முந்தைய வாரம் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடலாமா என்று அதில் வேலை செய்கிற அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அக்கா வேண்டாம் என்றிருப்பார். அதனால்தான் சனிக்கிழமை சாயங்காலம்.

ஆனாலும் அவரைக் கோபித்துக்கொண்டு யாரும் நீண்ட நாள் தாக்குப்பிடிப்பதில்லை. விண்டோஸ் 10 ஏறாமல் மூச்சு வாங்கிய லேப் கம்ப்யூட்டர்களை, எடைக்குப் போட இருந்த கடைசி நேரத்தில், ஒவ்வொன்றாகத் தூசி தட்டி லினக்ஸ் போட்டு ஓட வைத்தவர் அவர்தான். பிள்ளைகள் இன்றைக்கும் அதில்தான் தமிழ்த் தட்டச்சு பழகுகிறார்கள். அன்று இரவு கொசுக்கடியில் உட்கார்ந்து வினாத்தாள் முழுவதும் வெளியே வருகிற வரை இருந்தார். பேப்பர் சிக்கியபோது தானே மூடியைத் திறந்து உருவி எடுத்தார். கரஸ்பாண்டென்ட் நீட்டிய கவரை வாங்கவில்லை. டீ மட்டும் குடித்தார், அதுவும் ஆறியது.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் தம்பி நின்றிருந்தார். தன் மகளின் வருமானச் சான்றிதழை பிரின்ட் எடுக்க வந்திருக்கிறார். அவர் வீட்டில் பிரின்டர் கிடையாது. கடைப் பையன் பென்டிரைவை வாங்கிச் செருகினான், இரண்டு தட்டுத் தட்டினான், தாள் வந்து விழுந்தது. தம்பி காசைக் கொடுத்தார், மிச்சத்தை வாங்கிச் சட்டைப்பையில் போட்டார். கிளம்பவில்லை. கல்லாவுக்கு மேலாக எட்டி அந்தக் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார்.

"தம்பி, இதுல இன்னும் விண்டோஸ் செவனா?"