மூணு சக்கரத்து ஃபெராரி

ஹட்டன் டவுனில் ஓட்டோக்கள் வரிசை கட்டி நிற்கும் இடத்தில் நம் ஓட்டோக்கார அண்ணனின் வண்டியைத் தேட வேண்டியதில்லை. அதுவே வந்து கண்ணில் குத்தும். அடிப்படையில் அது ஊரறிந்த பஜாஜ்தான். மூன்று சக்கரம், கைப்பிடியில் கியர், பின்சீட்டுப் பக்கம் ஏறத்தாழ 200 சீசீ எஞ்சின், பத்துக் குதிரை வலு. மிச்சமெல்லாம் அண்ணனின் கைவண்ணம். முன்பக்கம் நிக்கல் பூசிய கம்பி வேலி; அதன்மேல் மஞ்சள் விளக்கு இரண்டு, வெள்ளை விளக்கு இரண்டு, எதற்குப் பூட்டினோம் என்று அவருக்கே மறந்துபோன நீல விளக்கு ஒன்று. பக்கத்துக்கு மூன்றாக ஆறு கண்ணாடிகள். ஒன்றில் பின்னால் வரும் பஸ் தெரியும், மற்ற ஐந்திலும் அவர் முகம் தெரியும். மட்கார்ட்டில் பாய்கிற குதிரை. பின்னால் ஸ்பொய்லர். அதற்குக் கீழே இரட்டைச் சைலன்சர். இடது பக்கத்துக் குழாயில் எந்த மழையிலும் குளிரிலும் புகை வராது, ஏனென்றால் அதற்கும் எஞ்சினுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இதில் எதையும் அவர் கூலி கொடுத்துச் செய்விக்கவில்லை. கொழும்புக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிட்டுப் பஞ்சிகாவத்தையிலிருந்து சாமான் வரும். போயா நாளில் டிரில்லோடும் ரிவெட்டோடும் அவரும் மச்சானும் உட்காருவார்கள். இருட்டுகிறபோது வண்டிக்கு ஓர் உறுப்பு கூடியிருக்கும்.

இவரைப் பற்றி ஊரில் ஒரு தீர்ப்பு உண்டு. ஸ்போட்ஸ் கார் வாங்க வக்கில்லாதவன் ஓட்டோவை ஸ்போட்ஸ் கார் ஆக்கிப் பார்க்கிறான் என்பது அது. வங்கியில் வேலை செய்கிறவர்களும் ஆசிரியர்களும் தேநீர்க் கடையில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்; ஆனால் தீர்ப்பு பிழை. பந்தயக் கார் எப்படி இருக்கும் என்பது மலைநாட்டுக்குத் தெரியாத விஷயமல்ல. துரைமார் காலத்தில், 1934இல் தொடங்கிய மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் நுவரெலியாவின் ஏப்ரல் சீசனோடு ஒட்டிப்போன ஒன்று; நானுஓயாப் பக்கம் ரதல்லயிலும் அப்படி ஒரு பந்தயம் உண்டு. அங்கே வருகிறவர்கள் காருக்கு முதலில் செய்யும் காரியம், உள்ளேயிருப்பதைப் பிடுங்கி வெளியே போடுவது. பின்சீட் போகும், கம்பளம் போகும், கதவின் உள்தட்டுப் போகும். மலையேற்றத்தில் ஒவ்வொரு கிலோவும் எதிரி. நம் அண்ணன் செய்வது நேர் எதிர். இருக்கிற பத்துக் குதிரையின் முதுகில் கம்பி வேலியையும் பெட்டிபோன்ற ஸ்பீக்கரையும் இரட்டை மெத்தையையும் ஏற்றி, நோர்வூட் பக்கத்து ஏற்றத்தில் அது இரண்டாவது கியரில் முனகுவதைப் பெருமையோடு கேட்டுக்கொண்டு போகிறார். நகருக்குள் ஓட்டோவுக்குச் சட்டம் தந்திருக்கும் வேகமே மணிக்கு 40 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஸ்பொய்லர் காற்றை அமுக்கி வண்டியைத் தரையில் பிடித்துவைக்கும் என்பதெல்லாம் நடக்கிற கதையல்ல. ஈரத் துவாயைக் காயப் போடலாம், அவ்வளவுதான். வேகம் வேண்டும் என்கிறவன் இப்படிச் செய்யமாட்டான். குதிரைப் படம் ஒட்டியிருக்கிறதே என்றால், 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்த பிறகு அஜித்தின் பந்தய உடுப்புப் படமும்தான் ஓட்டோக் கண்ணாடிகளில் ஏறியது. ஒட்டியவர்கள் துபாய்க்குப் புறப்படவில்லை.

இன்னொரு விளக்கம் கொஞ்சம் படித்தவர்கள் தருவது. இது விளம்பரம், பளபளப்பைப் பார்த்து ஆள் ஏறும், செலவழித்தது திரும்ப வரும் என்பது. செயலியில் வண்டி கூப்பிடும் கொழும்பில் இதற்கு ஏதோ நியாயம் இருக்கலாம். தரிப்பிடத்து ஒழுங்கு வேறு. அங்கே வரிசை. முதலில் நிற்கிற வண்டியில்தான் ஏற வேண்டும். அது தகரம் தொங்கும் கிழட்டு வண்டியாக இருந்தாலும் சரி. பின்னால் நிற்கும் ஃபெராரியில் ஏறப்போனால் மற்ற டிரைவர்மார் சும்மா விடமாட்டார்கள். ஆகவே அலங்காரத்தால் ஒரு பயணம்கூடக் கூடப்போவதில்லை. குறையவும் குறையலாம். அரிசி மூட்டையும் கையுமாக வரும் பெரியம்மா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்டா தம்பி, இதுல மனுசர் எங்கடா உக்காருறது?" என்று கேட்பார். "உக்காருங்க பெரியம்மா, மூட்டைய மடியில வச்சுக்கங்க, ஸ்பீக்கர்ல வைக்காதீங்க" என்று பதில் வரும். படம் பிடிக்கிற வெள்ளைக்காரர்கள் உண்டுதான். அவர்கள் படம் பிடித்துவிட்டுத் தாமே ஓட்டுவதற்கு வாடகைக்கு எடுத்த ஓட்டோவில் ஏறிப் போய்விடுவார்கள்.

வேகமும் இல்லை, வருமானமும் இல்லையென்றால் இந்த மனிதர் என்னதான் செய்கிறார்? பதில் வெளியே இல்லை, உள்ளே இருக்கிறது. குனிந்து உள்ளே போனால் முதலில் தெரிவது திரைச்சீலை. மெரூன் நிறம், ஓரத்தில் குஞ்சம், பகலில் கட்டிவைக்க ஒரு நாடா. மேலே கூரைக்குத் தைத்த ரெக்சினில் வைர வடிவத் தையல், தையல் கூடும் இடமெல்லாம் ஒரு பொத்தான். காலடியில் கம்பளம், செருப்பைக் கழற்றச் சொல்லமாட்டார், ஆனால் கழற்றினால் சந்தோஷப்படுவார். டாஷ்போர்ட் அவருடைய சாமியறை: நடுவில் முருகன், வலப்பக்கம் அம்மன், இடப்பக்கம் வேளாங்கண்ணி மாதா, மூவருக்கும் பொதுவாக ஒரு சின்ன மின்விளக்கு. முன்கண்ணாடியின் உச்சியில் அம்மா அப்பா ஆசி. அதற்குக் கீழே இரண்டு பிள்ளைகளின் பெயர், வாசல் நிலையில் எழுதியதுபோல. பின்சீட்டின் இரு பக்கமும் பிளாஸ்டிக் ரோஜா. ஸ்பீக்கர் அதிரும்போதெல்லாம் ஹெட்லைட் மங்கிப் பிரகாசிக்கும். சின்ன பற்றரி, இரண்டையும் சேர்த்துத் தாங்க முடியாமல் தவிக்கிறது. அண்ணன் அதையும் பாட்டுக்கு ஏற்றமாதிரித் தாமே வயரிங் செய்ததாகச் சொல்வார். எந்தப் பந்தயக் காரில் திரைச்சீலை கண்டோம்? எந்த ஃபெராரியில் பூச்சாடி இருக்கிறது? இவர் கார் கட்டவில்லை, வீடு கட்டுகிறார்.

ஏன் வண்டியில் கட்ட வேண்டும் என்பதற்கு மலைநாட்டில் பதில் சொல்லத் தேவையில்லை, வெளியூர்க்காரருக்காகச் சொல்லலாம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை நட்டதற்குப் பின் வந்த தலைமுறைகள் பெரும்பாலும் இருந்தது லயத்தில். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, முன்னால் ஒரு இஸ்தோப்பு, நீளத்துக்கு ஒரே தகரம். தோட்டம் வெள்ளைக்காரக் கம்பனியிடம் இருந்தது, எழுபதுகளில் அரசிடம் போனது, 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் வந்தது. கை மாறியதெல்லாம் மேலே. லயம் மட்டும் எப்போதும் தோட்டத்தினுடையது. சுவரில் ஒரு ஜன்னல் திறக்க நினைத்தாலும் துரையின் காதுக்குப் போக வேண்டும். என்ன நிறத்தில் பெயின்ட் அடிக்கலாம் என்று வீட்டுக்காரி கேட்டு, வீட்டுக்காரன் முகம் சுளித்து, இருவரும் நாலு நாள் பேசாமலிருக்கும் அந்தச் சாதாரண இன்பம் லயத்தில் பிறந்தவனுக்கு வாய்த்ததில்லை. ஏழு பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் என்ற திட்டங்கள் வந்தன, இந்திய உதவியில் வீடுகள் எழும்பின, 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி இன்னும் 10,000 வீடுகளை அறிவித்துவிட்டுப் போனார். கிடைத்தவர்களுக்குக் கிடைத்தது. மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். காத்திருக்கிறவன் கையில் டிரில் இருந்தால் அது எங்கேயாவது ஓட்டை போடத்தானே வேண்டும்.

இங்கே ஒரு கணக்குப்பிள்ளை எழுந்து நின்று மறுப்பார். அந்த ஓட்டோவும் அவனுடையதில்லையே, லீசிங் கம்பனியுடையதாயிற்றே என்பார். உண்மை. பதிவுச் சான்றிதழில் அறுதி உரிமையாளர் என்ற இடத்தில் கம்பனி, பதிவு செய்த உரிமையாளர் என்ற இடத்தில் இவர். 2020இல் வாகன இறக்குமதி நின்றபிறகு பழைய பஜாஜ் கூடப் பத்து இலட்சத்தைத் தாண்டியது. 2022இல் கியூஆர் கோட்டைக் காட்டி வாரத்துக்கு அளந்து ஊற்றிய பெற்றோலில் தவணை எப்படிக் கட்டினார் என்பது அவருக்கும் அம்மனுக்கும்தான் தெரியும். இரண்டு மூன்று தவணை தவறினால் வண்டியை வந்து இழுத்துக்கொண்டு போவார்கள், திரைச்சீலை பூச்சாடி எல்லாவற்றோடும். ஆனால் கணக்குப்பிள்ளை ஒன்றைக் கவனிக்கவில்லை. இரண்டாவது இடத்திலாவது இவர் பெயர் இருக்கிறது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு இவருடைய பாட்டனுக்கு ஒரு நாடே சான்றிதழ் தர மறுத்தது. நாடற்று மிச்சமிருந்தவர்களின் கணக்கைத் தீர்க்க 2003இல்தான் சட்டம் வந்தது. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக அரசு முத்திரையோடு, ஒரு பொருளுக்குப் பக்கத்தில் பெயர் அச்சாகி வந்த கடதாசி இது. லயத்துக்கு அந்த இரண்டாவது இடமும் கிடையாது. தவணை கட்டி முடிந்தால் முதல் இடத்துக்கும் ஏறலாம். லயத்தில் நூறு வருசம் இருந்தாலும் அந்த ஏற்றம் இல்லை.

கொழும்பிலும் நீர்கொழும்பிலும் ஓட்டோவைச் சோடிக்கிறார்களே, அவர்களெல்லாம் வீடில்லாதவர்களா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். சொந்த மாடி வீட்டுக்காரரும் வண்டிக்கு நீல விளக்குப் போடுகிறார். பொடியனுக்குப் பொடியன் காட்டும் பவிசு எங்கும் உண்டு, மலைக்கு மட்டும் அது விதிவிலக்கல்ல. என் வாதம், வீடில்லாததால்தான் எல்லாரும் சோடிக்கிறார்கள் என்பதல்ல. வீட்டுக்குப் போக வேண்டிய ஆசை போக இடமில்லாமல் இங்கே வண்டிக்குள் புகுந்ததால் சோடிப்பு வேறு திசையில் போயிருக்கிறது என்பதே. பாதி பவிசு, பாதி குடியிருப்பு என்றால் சரியாக இருக்கும்.

அண்ணனின் மனைவி எழுப்பக்கூடிய மறுப்புக்குத்தான் நல்ல பதில் இல்லை. கொழுந்து பறிக்கிறவரின் நாள் சம்பளம் 2024 செப்டம்பரில்தான் 1350 ரூபாவாக வர்த்தமானியில் ஏறியது. மனைவியின் கொழுந்துச் சம்பளத்தில் அடுப்பு எரிய, இவர் வருமானம் தவணைக்கும் பஞ்சிகாவத்தைக்கும் போகிறது. வண்டிக்குள் கம்பளம், சமையல் மூலையில் இன்னும் புகை. இது வீடென்றால் இந்த வீட்டில் மனைவிக்கு ஒதுக்கிய இடம் பின்சீட்டு, அதுவும் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகும்போது மட்டும். வீடு கட்டும் ஆசை நியாயமானது. வீட்டை ஆண் மட்டும் இருக்கும்படி கட்டியதுதான் அண்ணனின் கட்டடக் கலையின் பெரிய குறை.

பொலிஸாரின் மறுப்பு அதைவிட எளிது. 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தோடு பஸ்களிலும் ஓட்டோக்களிலும் தேவையற்ற உபரிப் பாகங்களைக் கழற்றச் சொல்லி இறங்கினார்கள், சங்கங்கள் கொதித்தன, பேச்சுவார்த்தை நடந்தது, கால அவகாசம் கிடைத்தது. இதில் அண்ணனின் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு நிற்க முடியாது. கண் கூசும் வெள்ளை விளக்கு, மலைப்பாதை வளைவில் எதிரே வருகிறவனைக் குருடாக்கும். எயார் ஹோர்ன் நோயாளிக்கும் பிள்ளைத்தாச்சிக்கும் கேடு. கனத்த கம்பி வேலி இறக்கத்தில் பிரேக்குக்குச் சுமை. யாரிலாவது மோதினால் அந்தக் கம்பி வளைவதில்லை, மோதப்பட்டவர்தான் வளைவார். இவை போகட்டும். மஞ்சள் விளக்கை மட்டும் அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம். தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் இடையில் பின்னேரம் பனிமூட்டம் இறங்கும்போது, சட்டம் எழுதியவரே அந்த விளக்குக்குப் பின்னால் வண்டியைச் செலுத்திக்கொண்டு போவார். திரைச்சீலை, கம்பளம், வைரத் தையல், பிள்ளைகளின் பெயர் யாருக்கும் தீங்கு செய்ததில்லை. புகை வராத சைலன்சர் சுற்றாடலுக்கு மிகவும் உகந்தது என்றுகூட வாதிடலாம். ஆனால் நம்பர் பிளேட்டின் கடைசி இரண்டு இலக்கத்தை மறைத்துக்கொண்டு தொங்கும் அந்த மயிலிறகை அவர் கழற்றத்தான் வேண்டும். "சாமிக்கு வச்சது சேர்" என்று அவர் சொல்லும் காரணத்தை டாஷ்போர்டில் இருக்கும் முருகனே ஏற்றுக்கொள்ளமாட்டார்.