கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் வருது!

லால்குடியில் நெட் வரவில்லையென்றால் முதலில் ரௌட்டரை அணைத்துப் போடுவார்கள். மசியவில்லையா? கேபிள்காரருக்கு போன் போகும். "நம்ம லைன் கிளியரா இருக்கு சார், உங்க பக்கம்தான்" என்பார். அவர் வேறு எதையும் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அந்த ஊரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் ஒருவர் தன் கடையின் வலைத்தளத்தை வேறு சர்வருக்கு மாற்றினார். மறுநாள் காலை தளம் திறக்கவில்லை. ஸ்ரீரங்கத்து மைத்துனருக்கு போன் போட்டார்.

"இங்க நல்லா வருதே அத்தான்!"

அவ்வளவுதான். கொள்ளிடம் பாலத்தில்தான் எங்கோ ஒயர் கட்டாகியிருக்க வேண்டும் என்று அத்தான் முடிவு கட்டிவிட்டார்.

பாலம் பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. கம்ப்யூட்டருக்குத் தெரிந்ததெல்லாம் எண்தான். தளத்தின் பெயரைக் கொடுத்து அதன் எண்ணைக் கேட்டு வாங்கத்தான் டிஎன்எஸ். இணையத்தின் முன்னோடியான அந்தக் காலத்து அர்பாநெட்டில் எல்லாப் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. மற்றவர்கள் நகல் எடுத்துக்கொண்டார்கள். ஊர் பெருக்க, கோப்பு தாங்கவில்லை. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்து, அந்த வேலையை உலகம் முழுக்கப் பிரித்துக் கொடுத்தார்.

பிரித்துக் கொடுத்ததில்தான் வம்பு. ஒருமுறை கேட்டு வாங்கிய எண்ணை இணைப்புத் தரும் ஒவ்வொரு நிறுவனத்தின் சர்வரும் கொஞ்ச காலம் கையிலேயே வைத்துக்கொள்ளும். எவ்வளவு காலம் என்பதைச் சொல்வது டிடிஎல். அது 86,400 விநாடி என்றிருந்தால் முழுசாக ஒரு நாள். வீடு மாறியது தெரியாத பால்காரர் பழைய வாசலிலேயே மணியடிப்பதுபோல, லால்குடி இணைப்பு பழைய சர்வரையே தட்டிக்கொண்டிருந்தது. மைத்துனரின் இணைப்பு வேறு நிறுவனத்துடையது. அது அன்றுதான் முதல்முறையாகக் கேட்டது, புது எண் கிடைத்தது.

கடைக்கு வந்த கல்லூரிப் பையன் ஒருவன் கறுப்புத் திரையைத் திறந்து 'என்எஸ்லுக்கப்' என்று அடித்து, பக்கத்தில் தளத்தின் பெயரைப் போட்டான். பழைய எண் வந்தது. அதே வரியின் கடைசியில் கூகுளின் டிஎன்எஸ் சர்வரான 8.8.8.8-ஐச் சேர்த்து அடித்தான். புது எண்! கம்ப்யூட்டரின் டிஎன்எஸ் நினைவைத் துடைத்தாலும் நிறுவனத்து சர்வரின் நினைவு போகாது. அதனால் அமைப்பில் டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என்று மாற்றினான். தளம் திறந்தது. ஒரு டீயோடு கூலி தீர்ந்தது.

பெரிய இடங்களும் டிஎன்எஸ் சிக்கலில் தப்பவில்லை. 2021 அக்டோபர் 4, நம் நேரம் இரவு ஒன்பது மணிக்கு மேல் ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் சுமார் ஆறு மணி நேரம் காணாமல் போயின. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை ஃபேஸ்புக் நிறுவனத்தின் தரவு மையங்களுக்கு இடையிலான இணைப்பையே துண்டித்தது. டிஎன்எஸ் சர்வர்கள் உயிரோடுதான் இருந்தன. ஆனால் அவற்றுக்குப் போகும் வழி இணையத்தில் இல்லை. கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வரான 1.1.1.1-க்கு வழக்கத்தைவிட 30 மடங்கு கேள்விகள் குவிந்தன. அன்று ராத்திரி நம்மூரில் எத்தனை ரௌட்டர்கள் வீணாக அணைந்து எரிந்தனவோ!

சர்வர் மாற்றப் போகிறவர்கள் இரண்டு நாள் முன்பே டிடிஎல்லை 300 விநாடியாகக் குறைத்து வையுங்கள். மாற்றிய பிறகு குறைத்தால் அன்றைக்குப் பலன் இல்லை.